கோதுமையை மறக்காத செல்கள்

அன்புள்ள கோமதி,

நீ போய்ச் சேர்ந்ததையும், அறை கிடைத்ததையும், அரிசி வாங்கக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருப்பதையும் அம்மா சொன்னாள். இங்கே இரண்டு நாளாகச் சாரல் விடவில்லை. பேரருவியில் தண்ணீர் அதிகம் என்று கயிறு கட்டி யாரையும் குளிக்க விடவில்லை. கூட்டம் இல்லை. ரம்பூட்டான் கூடையை மூடிவைத்துவிட்டுப் பழக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதுகிறேன். ரகசியம் ஒன்றுமில்லை. உன் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினாலும் காட்டலாம். இந்த நோயோடு குடித்தனம் நடத்தியவன் எப்படி யோசிப்பான் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் வயிறு நம் வீட்டில் ஓர் ஆள் மாதிரி இருந்தது. எங்கே கிளம்பினாலும் அதனிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். வாசுதேவநல்லூரில் உன் சித்தி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால்கூட வழியில் எங்கே இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுவேன். வயிறு உப்பும், வயிற்றால் போகும், வாயெல்லாம் புண்ணாகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தென்காசியில் பார்த்த டாக்டர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பூச்சி மருந்து கொடுத்தார். உன் அம்மா நெல்லிக்காய்ச் சாறு கொடுத்தாள். எதுவும் தங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "இம்புட்டுப் பெரிய புரோட்டாக் கடை வச்சிருக்கீய, ஒடம்புல ஒண்ணும் ஒட்டலியே அண்ணாச்சி" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் நம் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கல் சூடானால், சாப்பாடு என்று தனியாக உட்காரவே தோன்றாது. மைதீன் கல்லில் இருந்து எடுத்துப் போடுகிற புரோட்டாவில் இரண்டைப் பிய்த்து, சால்னாவில் நனைத்து நின்றபடியே முடித்துவிடுவேன். மைதீன் உனக்கு மாமா முறை மாதிரி ஆகிவிட்டவன். அவன் வந்து சேர்ந்தபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

கார்த்திகையில் மாலை போட்டால் மட்டும் நான் வேறு ஆளாகிவிடுவேன். ஒரு மண்டலம் கடைப் பக்கமே போகமாட்டேன், மைதீன் பார்த்துக்கொள்வான். வீட்டில் ஒரு நேரம் சோறு, மற்ற நேரம் இட்லி அல்லது தோசை. கொஞ்ச நாளில் வயிறு அடங்கும். வாய்ப்புண் ஆறும். மலை ஏறும்போது என்னோடு வருகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார்கள், நான் ஏறிப்போய் மேலே நின்று அவர்களுக்காகக் காத்திருப்பேன். ஊருக்கு வந்து மாலையைக் கழற்றி, பொங்கல் கழிந்து கடைக்குப் போனால், தை முடிவதற்குள் பழைய கதை. ஐயப்பன் என்னைத் தன்னிடம் இருக்கும்வரை நன்றாக வைத்திருக்கிறார், நான்தான் மாலையைக் கழற்றி அவரை விட்டுவிடுகிறேன் என்று நினைத்தேன். உன் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். இதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

நீ காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்திருந்த நேரம். நான் வழக்கம்போல, சாமி இருக்கப் போய்த்தான் வருஷத்தில் இரண்டு மாசமாவது மனுஷனாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ தோசையைப் பிய்த்தபடியே கேட்டாய். "எப்பா, சாமிதான் சரியாக்குதாருன்னா தை மாசத்துல ஏன் கைய விடுதாரு?"

"ஏட்டி, சாமி விஷயத்துல வாய வைக்காத" என்றாள் அம்மா.

"நான் சாமியக் குத்தம் சொல்லலம்மா. மாலை போட்டா என்னமோ ஒண்ணு நிக்குது. கழட்டுனா அது திரும்ப வருது. அது என்னன்னுதான் கேக்கேன்."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷமாக எல்லாரும் என்ன மருந்து சாப்பிடலாம் என்றுதான் சொன்னார்கள். எப்போது நன்றாக இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த லீவு முழுக்க நீ என்னைக் குடைந்தாய். முதலில் கோழியைச் சந்தேகப்பட்டாய். பிறகு சால்னாவின் காரம், எண்ணெய். புரட்டாசிச் சனிக்கிழமை கவிச்சி இல்லாமல் இருக்கிறேனே, அன்றைக்கு எப்படி என்று கேட்டாய். அன்றைக்கு ராத்திரிப் பலகாரம் ரவை உப்புமா, ஞாயிற்றுக்கிழமை வயிறு சரியாகவே இருக்காது என்று அம்மா சொன்னாள். திருநெல்வேலிக்குச் சரக்கு எடுக்கப் போய் அல்வா வாங்கிச் சாப்பிட்டு வந்த நாட்களைக் கேட்டாய். அதுவும் அப்படித்தான். நீ அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, அல்வா எதுல கிண்டுதாங்க?" என்று கேட்டாய். சம்பா கோதுமையில் என்று அம்மா சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னல் வழியாகக் கடை இருக்கிற திசையைப் பார்த்தேன்.

அன்றைக்கே கோதுமையை விட்டுவிடுகிறேன் என்றேன். நீ கூடாது என்றாய். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் தடயம் மறைந்துபோகும், பரிசோதனை முடிகிறவரை எப்போதும் போலச் சாப்பிட வேண்டும் என்றாய். கள்ளனைப் பிடிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பது மாதிரி இருக்கிறதே என்று மைதீன் சிரித்தான். அவனுக்கு அப்போது விளையாட்டாக இருந்தது. ரத்தம் கொடுத்து, திருநெல்வேலியில் குடல் டாக்டரிடம் போய், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக எழும்பி நிற்க வேண்டியவை எனக்கு மழுங்கிக் கிடக்கின்றன, அதனால்தான் சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். சீலியாக் என்று பெயர். கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் கூடாது. இதற்கு மருந்து இல்லை, சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. எல்லாம் சொல்லிவிட்டு, என்ன தொழில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். புரோட்டாக் கடை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் ஆலங்குளம் தாண்டியது. அப்புறம்தான் உன்னிடம் கேட்டேன், கோதுமையில் விஷம் இருக்கிறதா என்று. ஊரே சாப்பிடுகிறதே. இல்லை என்றாய். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது, அது யாருக்கும் ஒன்றும் செய்வதில்லை. என் உடம்பில் நோய்க்கிருமியோடு சண்டை போட இருக்கிற வெள்ளைச் செல்களில் ஒரு கூட்டம் மட்டும் அதைப் பகையென்று முடிவுகட்டி வைத்திருக்கிறது. அது உள்ளே வரும்போதெல்லாம் அவை மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகின்றன. சண்டையில் அடிபடுவது என் குடல். எனக்குப் புரிய வேண்டும் என்று நீ அருவியைச் சொன்னாய். "வெள்ளம் வந்தா போலீஸ்காரர் விசில் அடிச்சு எல்லாரையும் வெளியேத்துவாருல்லா. அவரு சாரலுக்கே விசில் அடிச்சு, லத்திய எடுத்து எல்லாரையும் அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான் நடக்குது." நான் கேட்டேன், அப்படியென்றால் நாம் ஏன் தண்ணீரை நிறுத்துகிறோம், அந்தப் போலீஸ்காரரைத்தானே மாற்ற வேண்டும் என்று. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "அதத்தான்ப்பா தேடிக்கிட்டிருக்காங்க" என்றாய். பாவூர்சத்திரம் தாண்டுகிறவரை டாக்டர் கொடுத்த தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தாய். நீ எந்தப் படிப்புக்குப் போகப் போகிறாய் என்பதை நான் அந்தப் பஸ்ஸிலேயே தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் உனக்கு ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ மேல்படிப்புக்குப் பெங்களூர் போய்விட்டாய், இங்கே நடந்ததெல்லாம் நீ விட்டுவிட்டுப் பார்த்தது. புரோட்டாவை விடுவது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. மனிதர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். சிவகிரியில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா எனக்கு நெடுநாள் பழக்கம், பந்தியில் என் இலைக்கு வந்து தன் கையாலேயே கேசரி வைத்தார். நான் குடல், செல், புரதம் என்று ஆரம்பித்தேன். பின்னால் பாயச வாளியோடு ஆள் நிற்கிறான், பக்கத்து இலைக்காரர் சாப்பிடாமல் என் வாயைப் பார்க்கிறார். கேசரியில் ஏதோ குறை கண்டுவிட்டேன் என்று அவர் முகம் சுருங்கிப்போனது. அடுத்த கல்யாணத்திலிருந்து, எனக்குக் கோதுமை ஆகாது, சோறும் பருப்புப் பாயசமும் இரண்டு மடங்கு போடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே போடுகிறார்கள். நீயும் புது ஊரில் நாலு பேரோடு பழகப்போகிறாய். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும்போது வேண்டியது என்ன என்பதையும் கூடவே சொல். கேட்பவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தால் மனத்தாங்கல் வராது.

நான் அவ்வளவு சுத்தமாக இருந்தும் அடுத்த வருஷம் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டுகிற அளவு இறங்கவில்லை. நான் ஒளித்துச் சாப்பிடுகிறேன் என்று உன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீதான் என்னை நம்பினாய். பெங்களூரிலிருந்து வந்து சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்தாய். பெருங்காய டப்பாவில் மைதா சேர்த்திருந்தது. சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது தினமும் என் இலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அம்மா அன்றைக்கே பெருங்காயத்தை நிறுத்திவிட்டுப் பூண்டுக்கு மாறினாள். அப்படியும் பாதிதான் இறங்கியது. மறுமுறை வந்தபோது நீ காலையில் என்னோடு கடைக்கு வந்தாய். மைதீன் மாவு மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கிழக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் சரிந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் மாவு புகை மாதிரி மிதந்ததை நான் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன், பார்த்ததாக நினைக்கவில்லை. மூக்கிலும் வாயிலும் போவது தொண்டை வழியாக வயிற்றுக்குத்தானே போகும் என்றாய்.

மைதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "நான் கொட்டுத மாவுதான் ஒங்களக் கொல்லுதா அண்ணாச்சி?" என்று கேட்டான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "மாவு ஒண்ணும் செய்யல மைதீன். எனக்குள்ள இருக்கவன்தான் அதப் பாத்துப் பயந்து சாவுதான்" என்றேன். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் அவனுக்குச் சொன்னேன், ஆனால் சொன்னபோதுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது. கடையை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். எனக்கு மனசில்லை. மைதீனைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கடையை அவன் கையில் விட்டேன். எதிர்ப் பக்கம் காலியாக இருந்த இடத்தில் இந்தப் பழக்கடையைப் போட்டேன். சீசனில் மங்குஸ்தான், ரம்பூட்டான், மற்ற நாளில் நேந்திரம் சிப்ஸ். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து என் கடையைப் பார்க்க முதலில் ஒரு மாதிரி இருந்தது. கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கும், போக முடியாது. நாளடைவில் அதுவும் பழகிவிட்டது. ரத்தத்தில் அந்த அளவும் இறங்கியது.

உனக்கும் பரிசோதனை செய்தார்கள். நோய் இல்லை, ஆனால் அதற்கு இடம் கொடுக்கிற மரபணு என்னிடமிருந்து வந்திருக்கிறது, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு நீ என் முன்னால் புரோட்டா தொடுவதை விட்டுவிட்டாய். ஒரு நாள் நீ மைதீன் கடைக்குப் பின்பக்கம் நின்று சாப்பிடுவதை இங்கிருந்து பார்த்துக் கூப்பிட்டேன். இலையோடு இங்கேயே கொண்டுவந்து சாப்பிடு, கீழே சிந்தாமல் பார்த்துக்கொள் என்றேன். நீ தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாய். ஞாபகம் இருக்கிறதா? என்னால் முடியாததை நீ செய்யும்போது எனக்கு வயிறு எரியும் என்று நினைத்திருந்தாய். எனக்கும் உன்னோடு சேர்ந்து இரண்டு வாய் சாப்பிட்டது மாதிரிதான் இருந்தது.

நீ பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்குப் புதிதாக ஏதாவது சொல்வாய். உடம்பில் சண்டைக்காரச் செல்கள் மட்டும் இல்லை, போதும் நிறுத்து என்று அவற்றை அடக்குகிற செல்களும் உண்டு. மொத்த எதிர்ப்புச் சக்தியையும் மருந்து போட்டு மழுக்கினால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் கோதுமையைப் பகைக்கிற கூட்டத்தை மட்டும் குறிவைக்க வேண்டும். அடக்குகிற செல்களை எடுத்து, குளூட்டனை அடையாளம் காணும்படி மாற்றி, குடலுக்கு அனுப்பி, அங்கே சண்டையைத் தணிக்க முடியுமா என்று எலிகளில் பார்க்கிறார்கள். மனிதர்களுக்கு வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இதையெல்லாம் கேட்டபிறகு எனக்குப் பழத்தை எடை போடும்போதும் அதே நினைப்பு. சமாதானம் பேசப் போனவன் அங்கே போய் அந்தக் கூட்டத்தோடே சேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். நீ சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பயம் எங்களுக்கும் இருக்குப்பா. முழுசா யாருக்கும் தெரியாது" என்றாய். படித்தவர்கள் தெரியாது என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. என் மகள் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பழக்கத்தை எந்த ஊரிலும் விட்டுவிடாதே.

அந்தச் சாப்பாட்டின்போதுதான் நீ இன்னொன்றையும் சொன்னாய். இந்தச் செல்களை ரத்தத்தில் பார்க்க வேண்டுமென்றால், நோய் உள்ளவர்கள் மூன்று நாள் கோதுமை சாப்பிட வேண்டும். அப்போதுதான் அவை குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து கொஞ்ச நாள் சுற்றும். யாரும் லேசில் ஒத்துக்கொள்வதில்லை, பாவம் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை என்றாய். நான் தருகிறேன் என்றேன். நீ எழுந்துவிட்டாய். "ஒங்க கிட்ட இருந்து வேண்டாம்" என்றாய். நோய் உள்ளவர்கள் வேறு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பெற்ற பிள்ளைக்காகச் செய்தார் என்ற பேச்சு வேண்டாம் என்றாய். நான் விடவில்லை. ஆய்வுக்கூடத்தை நடத்துகிற உன் மேடத்தின் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசினேன். மகள் என் ரத்தத்தைத் தொடக்கூடாது, வேறு ஆட்கள்தான் கையாள்வார்கள், எந்த நேரத்திலும் வேண்டாம் என்று விலகலாம் என்று அங்கிருந்த ஒரு தமிழ் டாக்டர் பொறுமையாக எனக்கு விளக்கினார். திருநெல்வேலி டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். எங்கள் மைதீன் கடைப் புரோட்டாவே சாப்பிடலாமா என்று கேட்டதற்கு அந்தத் தமிழ் டாக்டர் சிரித்துவிட்டார். எல்லாரும் ஒரே அளவு சாப்பிட வேண்டும் என்று அளந்து செய்த பிஸ்கட்டை அனுப்பினார்கள். அத்தனை வருஷம் கழித்து என் வாய்க்குள் போன கோதுமை, உப்பும் இல்லாத சர்க்கரையும் இல்லாத மரத்தூள் மாதிரி ஒன்று.

முதல் நாள் பிஸ்கட் சாப்பிட்டு மத்தியானம் ஆவதற்குள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். போனை எடுத்து உன்னிடம், "ஒன் படிப்புக்கு ஒங்க அப்பாதான் கெடச்சாரா?" என்று கேட்டாள். நீ அழுதது எனக்குக் கேட்டது. நிறுத்துங்கப்பா என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். தமிழ் டாக்டரும் பேசினார். நிறுத்திக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றார். நான் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். சாயங்காலம் கஞ்சி இறங்கியது. காலையில் அவரிடம் கேட்டேன், மேற்கொண்டு சாப்பிட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று. கஷ்டமாக இருக்கும், ஆபத்து என்று சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த பிஸ்கட்டை எடுத்தேன். அன்றைக்கு வாந்தி குறைவு. மூன்றாம் நாள் வெறும் வயிற்று வலி.

பெங்களூரில் ரத்தம் எடுத்தார்கள். நீ அந்தப் பக்கமே வரவில்லை, வரக்கூடாது என்பது விதி. வந்திருந்தாலும் என்னோடு பேசியிருக்க மாட்டாய் என்று தெரியும். கொஞ்ச நாள் கழித்து உன் மேடம் என்னை மறுபடி பெங்களூருக்குக் கூப்பிட்டு, ஆய்வுக்கூடத்தில் ஒரு திரையைக் காட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள், திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து பார்ப்பது மாதிரி. ஒரு மூலையில் மட்டும் தனியாக, விரல்விட்டு எண்ணிவிடலாம் போலக் கொஞ்சம் புள்ளிகள். இவைதான் கோதுமையை அடையாளம் கண்டுகொள்கிறவை என்றார். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். இத்தனை வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்த நாலு புள்ளியா என்று எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நான் கோதுமையை நிறுத்தி இத்தனை வருஷமாகிறதே, இவை ஏன் சாகவில்லை என்று கேட்டேன். இந்த வகைச் செல்களுக்கு ஞாபகம் உண்டு, பல வருஷம் கோதுமையைக் காணாவிட்டாலும் ஞாபகம் போவதில்லை என்றார். வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நீ ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் உனக்காக உடம்பை வருத்திக்கொண்டேன் என்று நினைத்தாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், இப்போதும் கோயிலில் யாராவது கேட்டால் மகளுக்காகச் செய்தார் என்றுதான் சொல்கிறாள். நானும் திருத்தவில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. வெளிநாட்டு வேலை கிடைத்து நீ கிளம்பியபோது, தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகர்கிற நேரத்தில் என் கையைப் பிடித்து, "திரும்பி வரும்போது மருந்தோட வாரேன்ப்பா. ஒங்களுக்காகத்தான் போறேன்" என்றாய். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மைதீன் பக்கத்தில் நின்றான், ரயிலும் வேகமெடுத்தது, நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கோமதி, நான் அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிட்டது உனக்காக இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். என் வாழ்க்கையில் பாதியை எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று நடத்தியிருக்கிறது. அது எப்படி இருக்கும், எத்தனை இருக்கும் என்று பார்க்க ஒரே ஒரு வழி இருக்கிறது என்று நீ சொன்னாய். பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோதும், இந்நேரம் அவை எங்கே வந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடம் சொல்லாதே, அடிப்பாள்.

அதனால் எனக்காகப் போகிறேன் என்று சொல்லாதே. நான் இப்போது நன்றாக இருக்கிறேன். சோறு இருக்கிறது, தோசை இருக்கிறது, மங்குஸ்தான் விற்கிறவனுக்கு வாய்க்கு ருசிக்கா பஞ்சம்? மருந்து வந்தால் சந்தோஷம். சிறு பிள்ளைகளுக்கு வரட்டும், பள்ளிக்கூடத்துக் கேக்கைத் தொட முடியாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு வரட்டும். வராமலும் போகலாம். எலியில் சரியாக வந்தது மனிதனில் பொய்த்துப்போகலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படிப் பொய்த்துப்போகிற நாளில், அந்தக் குளிரில், ஒரு அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதைத் தடுக்கத்தான் இவ்வளவையும் எழுதினேன். உன் தலையில் என்னை ஏற்றிக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தால் உனக்குப் பார்வை சரியாகத் தெரியாது. இறக்கி வை. தோசைக்கு நடுவில் எதையும் நினைக்காமல் ஒரு கேள்வி கேட்டாயே, அந்த மாதிரி கேள். பதில் வராத கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் ரத்தப் பரிசோதனையை அங்கே தள்ளிப்போடாதே. யாரையாவது பிடித்திருந்தால் அம்மாவிடம் முதலில் சொல், எனக்கு அப்புறம் சொன்னால் போதும். வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு எழுது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொள். எனக்கு, அந்த வாரம் எலி என்ன செய்தது என்று எழுது.

அப்பா